வெட்டி லோடு

எடைமேடை அறைக்கு ஒரே ஜன்னல். அதன் வழியே சுண்ணாம்புக்கல் லாரிகள் தெரியும். லாரிகளுக்குப் பின்னால் புழுதி தெரியும். புழுதிக்குப் பின்னால் அரியலூர்ச் சாலை இருப்பது எனக்குத் தெரியும், கண்ணுக்குத்தான் தெரியாது.

எண்பதுகளின் நடுவில் அந்தச் சிமெண்டு ஆலையில் கருவிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையில் வேறு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். இங்கே விடுவித்ததாக இன்ஜினியர் கையெழுத்துப் போடாமல் அங்கே சேர்க்க மாட்டார்கள்.

அவர் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "அந்தப் பெட்டி கத்தறத நிறுத்திட்டுப் போப்பா. காது கிழியுது."

எடை காட்டும் பெட்டி அது. உள்ளே, இருபத்துநான்கு வோல்ட்டை ஐந்தாக இறக்கித் தரும் ஒரு ரெகுலேட்டர். அதைத் திறந்து வைத்திருந்தபோது லாரி டிரைவர் அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஃபேனுக்குத் திருகுவமே, அதுவா தம்பி?"

"இது தானே திருகிக்கும்ணே."

பழைய வகை மிச்ச வோல்ட்டையெல்லாம் சூடாக எரித்துத் தள்ளும். இது எரிக்காது. கரண்டுக்கு வழியை முழுதாகத் திறக்கும், முழுதாக மூடும், ஒரு நொடிக்குள் பல்லாயிரம் முறை, காதுக்கு எட்டாத வேகத்தில். பாதி திறப்பது என்பதே அதற்குத் தெரியாது. அத்தனை துடிப்பையும் ஒரு செம்புச் சுருளும் கெப்பாசிட்டரும் வாங்கிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல வெளியே ஐந்தை நீட்டும். சுவிட்சைப் போட்டதும் தாவாது, மெல்ல ஏறும். எங்கேனும் வயர் ஒட்டிக்கொண்டால் சட்டென்று மூடிக்கொள்ளும். சற்றுப் பொறுத்துத் திறந்து பார்க்கும். இன்னும் ஒட்டியிருந்தால் மறுபடி மூடும். அந்த வாரம் முழுக்க இன்ஜினியர் அறைக்கு நானும் அப்படித்தான் போய்ப் போய்த் திரும்பினேன்.

கத்தலுக்கு மட்டும் காரணம் பிடிபடவில்லை. ஊசியால் செவியைத் தைப்பது போன்ற சத்தம்.

"வண்டி ஏறினா கம்முனு இருக்கு, எறங்கினா கத்துது. லோடு கேக்குது தம்பி அது," என்றார் அண்ணன்.

சிரித்தேன். ஆனால் இந்த வகை ரெகுலேட்டருக்குக் கொஞ்சமாவது லோடு வேண்டும், யாராவது அதனிடமிருந்து கரண்டை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். சாப்பிடப் போகும் வழியில் இன்ஜினியரிடம், "லோடு பத்தல போல சார். லோடு வெச்சாக் கத்தாது," என்று சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தால், மேடையின்மேல் கல் நிறைந்த லாரி அசையாமல் நிற்கிறது. பின்னால் ஆலை கேட் வரைக்கும் வண்டிகள் ஹாரனை அலற விடுகின்றன. ஸ்டியரிங்கில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அண்ணன் படுத்திருக்கிறார்.

"சார்தான் லோடு வெக்கச் சொன்னாரு. நீதான் கேட்டியாமே?"

தலையில் அடித்துக்கொள்ளப் போனவன், கையை அப்படியே நிறுத்தினேன். பெட்டி கத்தவில்லை.

லாரி நின்றால் பெட்டியில் ஐந்து சிவப்பு எண்களும் எரிகின்றன. இறங்கிப் போனால், எடை ஏதுமில்லை என்று ஒற்றைச் சுழி மட்டும். எரியும் எண்கள்தான் ரெகுலேட்டருக்கு லோடு. ஒற்றைச் சுழிக்குக் கொடுக்க வேண்டியது கொஞ்சம்தான். ஆகவே அது ஒருமுறை திறந்து பலமுறை சும்மா விடுகிறது. அந்த இடைவெளி நீண்டு நீண்டு நம் காதுக்கு எட்டும் அளவுக்கு வந்துவிட, சுருள் அலறுகிறது.

ஒரு ரெசிஸ்டரை ஐந்து வோல்ட்டுக்குக் குறுக்கே பற்றவைத்தேன். அதற்கு ஒரு வேலையும் கிடையாது. எதையும் காட்டாது, எதையும் அளக்காது. கரண்டை வாங்கிச் சூடாகிக்கொண்டே இருக்கும். அது இருக்கும்வரை பெட்டி அமைதி.

"வெட்டி லோடுன்னு சொல்லு," என்றார் அண்ணன்.

இன்ஜினியர் வந்து காதை வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"சார், அந்தக் கையெழுத்து…"

"மறுபடி கத்தினா யாருப்பா பாக்கறது?"

"கத்தாது சார்."

"அதான் நானும் சொல்றேன். நீ இருந்தா கத்தாது. ஒனக்கு இனிமே என்ன வேலை? சும்மா ஒக்காந்திரு, போதும். வேற ஆள் வரட்டும், போலாம்."

திங்கட்கிழமையும் அதே ஜன்னல். ஒரு லாரி ஏறியது, இறங்கியது. எண்கள் அணைந்து சுழி மட்டும் நின்றது. சத்தமே இல்லை. கத்தினாலாவது ஜன்னலுக்கு வெளியே கேட்டிருக்கும். மூடியைத் தூக்கி ரெசிஸ்டரைத் தொட்டேன். விரல் சுட்டது.

"மெட்ராஸ் போகலியா தம்பி?" ஜன்னலில் அண்ணன்.

"சும்மா இருக்கச் சொல்லிட்டாருண்ணே."

அவர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு வெட்டி லோடு. வா, டீ குடிப்போம்."

மேடையின் குறுக்காகவே நடந்தோம். நடுவில் வந்ததும், சுழி போய் என் எடையாவது விழுந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடியில் வெயில் அடித்தது. எண் தெரியவில்லை.