நிழல்தின்னிகளின் சொந்த ஊர்

எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால், பெயரைக் கேட்பதற்கு முன் சொந்த ஊரைக் கேட்பார்கள். பூதங்களையும் அசுரர்களையும் வைத்து மேஜையில் கதை விளையாடுகிறவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட ஒரு படி மேல். அவர்களுடைய விதிப் புத்தகங்களில் ஒவ்வொரு பூதத்துக்கும் பூர்வீகம் எழுதியிருக்கும். ஒன்று பாதாளத்திலிருந்து வந்திருக்கும், ஒன்று நட்சத்திரங்களுக்கு அப்பாலிருந்து, ஒன்று யாரோ கண்ட கெட்ட கனவிலிருந்து. உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்த பூதத்தை நான் அநேகமாகப் பார்த்ததில்லை. ஆளைத் தின்கிற எதுவும் வெளியூர்தான்.

எனக்கு இந்தப் பைத்தியம் நாற்பது வயதுக்கு மேல் பிடித்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வில்லாளியாகவோ வாள்வீரனாகவோ கதைக்குள் இருப்பார்கள்; மேஜையில் விரித்த வரைபடத்தில் ஆளுக்கொரு பொம்மையும் இருக்கும். துணிந்து ஏதாவது செய்யவேண்டுமென்றால் பகடை உருட்டவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஞாயிறு மதியம் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடக்கும். கதை நடத்துபவன் நான். ஆபீஸில் நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம்.

வீடு மேடவாக்கத்தில் என்று சொல்லிக்கொள்வேன். பத்திரத்தில் பெரும்பாக்கம். கட்டியவர் விளம்பரத்தில் மேடவாக்கம் என்று போட்டார், நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். பெரும்பாக்கம் என்றால் கேட்பவர்களுக்கு ஹவுசிங் போர்டு ஞாபகம் வந்துவிடும். நகரத்து ஆற்றோரங்களிலிருந்து அப்புறப்படுத்திய குடும்பங்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடம் அது.

விளையாட இரண்டு பேர் வருவார்கள். ஒருவன் இந்த ஊர்க்காரன். எங்கள் அடுக்குமாடியே அவன் அப்பாவின் நிலத்தில்தான் நிற்கிறது. "உன் ஃபிரிட்ஜ் கீதே மச்சான், அங்கதான் எங்க பம்பு செட்டு" என்று வாராவாரம் சொல்வான். இங்கே நான்கு ஃபிளாட் வைத்திருப்பதால் அசோசியேஷன் வாட்ஸப் குழுவிலும் இருக்கிறான். இன்னொருத்தி என் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண். சோழிங்கநல்லூர் பக்கம் என்று சொல்லியிருந்தாள். நான் பாதி யோசித்து வைத்த கதையை அவள் கேட்கும் கேள்விகள்தான் முழுசாக்கும். அவள் வராத வாரம் நானும் அவனும் சமோசாவைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவோம். ஆபீஸில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதமும் அவள்தான்.

அந்த வாரத்துக்கு நிழல்தின்னி என்று ஒரு பூதக் கூட்டத்தை உண்டாக்கினேன். மூன்று முழங்கை, கண் கிடையாது, ஆட்களின் நிழலைத் தின்னும். வானத்தில் விழுந்த விரிசல் வழியாக வேறு உலகத்திலிருந்து வந்து கோட்டைக்கு வெளியே தங்கியிருக்கின்றன. வீரர்கள் அவற்றை விரட்டவேண்டும். ஊர் மக்கள் அவற்றை ஏன் வெறுக்கிறார்கள் என்று எழுதத்தான் சோம்பலாக இருந்தது. அசோசியேஷன் குழுவில் ஹவுசிங் போர்டைப் பற்றி வந்த செய்திகளை எடுத்து, 'அந்த ஜனங்க' என்று வந்த இடத்திலெல்லாம் 'நிழல்தின்னிகள்' என்று போட்டேன். வேறு ஒரு சொல்லைக்கூட மாற்றத் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசித்துக் காட்டினேன். "நிழல்தின்னிகள் வருவதற்கு முன் நம் ஊரில் கதவைப் பூட்டுகிற வழக்கமே இல்லை. இப்போது பெண்கள் தனியாக நடக்க முடிவதில்லை. அவற்றுக்கு எல்லாம் இலவசம், வரி கட்டுவது நாம்."

ஊர்க்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா மச்சான், நம்ம குரூப்புல ஹவுசிங் போர்டு பத்தி வந்தது தான இது?"

பிடித்துவிட்டானே என்று எனக்குப் பெருமை. ஆமாம் என்றேன். இருபது வருடத்துக்கு முன் ஒரு சூட்கேஸோடு தாம்பரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியவன் நான். 'நம் ஊரில்' என்று அன்று எவ்வளவு உரிமையாக வாசித்தேன்.

அவளும் லேசாகச் சிரித்தாள். பிறகு, "நான் வில்லைக் கீழ வச்சுட்டு அவங்ககிட்ட போறேன். எங்கேர்ந்து வந்தீங்கன்னு கேக்கறேன்" என்றாள்.

பூதங்களுக்காகப் பேசவேண்டியவனும் நான்தான். குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு, "வேறு உலகம்" என்றேன்.

"அங்க இன்னா வேலை செஞ்சாங்க? விரிசல்ல தானா வந்தாங்களா, யாராச்சும் தள்ளி வுட்டாங்களா?"

அவள் 'இன்னா' என்று சொல்லி நான் கேட்டதில்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்.

"அப்ப நானே சொல்றேண்ணா. ஆத்தோரம் இருந்தோம். காலைல லாரி வந்துச்சு. ஏத்தறதுக்குள்ள பாதி சாமான் ஒடஞ்சிடுச்சு. அம்மா தையல் மெஷின் தலைய மட்டும் கழட்டி மடியில வச்சிகினு வந்தாங்க. எந்த பிளாக்குன்னு எறக்கி வுட்டப்புறம்தான் சொன்னாங்க. பிளஸ் டூ பரீட்சைக்கு எட்டு நாள் இருந்துச்சு."

பிளஸ் டூ எழுதிய பூதம் எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. சோழிங்கநல்லூர் பக்கம் என்று அவள் சொன்ன இடம் எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவசரமாக, "சே, உன்னைச் சொல்லலம்மா. நீ அந்த மாதிரி இல்லையே" என்றேன். நல்லெண்ணத்தோடு நான் சொன்ன வாக்கியங்களில் இதைவிடக் கேவலமானது வேறு இல்லை.

அவள், "கோட்டைக் கதவைத் திறக்கறேன். அவங்க உள்ள வரட்டும்" என்று இருபது முகப் பகடையை உருட்டினாள். நான்கு விழுந்தது. கதவு திறக்கக் குறைந்தது பன்னிரண்டு வேண்டும்.

கதை நடத்துபவன் நினைத்தால் எண்ணைக் கண்டுகொள்ளாமல் விடலாம். ஊர்க்காரன் செத்துப்போக வேண்டிய மூன்று தடவையும் நான் அப்படித்தான் அவனைப் பிழைக்க வைத்தேன். அன்று எனக்கு என்ன வந்ததோ. மாட்டிக்கொண்ட எரிச்சலாக இருக்கலாம். விதிப் புத்தகத்தில் விரலை வைத்து, "நாலுதானே, திறக்கலை" என்றேன்.

"சரிண்ணா. அப்ப நான் அவங்களோட வெளியவே இருந்துக்கறேன்" என்று தன் வில்லாளி பொம்மையைக் கோட்டைக்கு வெளியே நகர்த்தி வைத்தாள். டீ குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஒரு நாள் ஆபீஸ் கேன்டீனில் அவள் எதிரே போய் உட்கார்ந்து, கதையை மாற்றிவிட்டேன், நிழல்தின்னிகளுக்குக் கோட்டைக்குள்ளேயே மாளிகை கொடுத்துவிட்டேன், வா என்றேன். எவ்வளவு தாராள மனசு எனக்கு.

"மாளிகை எதுக்குண்ணா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அன்னிக்கு உங்க ஃபிரண்டு நாலு போட்டிருந்தா நீங்க கதவைத் திறந்திருப்பீங்க."

திறந்திருப்பேன்.