சுவரைப் பார்த்த சிலேட்

பிப்ரவரியில் வரும் வங்காளத்துச் சரஸ்வதி பூஜை அன்று மத்தியானம் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தேன். கையில் ஒரு பொட்டலம். மெதுவடை. மகளுக்குப் பிடிக்குமே என்று வாங்கி வந்தது. கதவைத் திறந்தால்... மஞ்சள் சேலையைச் சுற்றிக்கொண்டு நடுவீட்டில் நிற்கிறாள் மீனு. நெற்றியில் சந்தனம். கையில் சிலேட்.

"அப்பா, தேக்கோ! நான் லிக்கேச்சி!"

பாருங்கள் அப்பா, நான் எழுதிவிட்டேன் என்கிறாள். பாதி வங்காளம், பாதி தமிழ். சிலேட்டில் இருந்தது மட்டும் முழு வங்காளம். அந்த மொழியின் முதல் எழுத்து, கோணலாக, சிலேட் நிறைய.

பெற்ற தகப்பனுக்கு என்ன வர வேண்டும்? சந்தோஷம்தானே? எனக்கு வயிறு எரிந்தது.

நான் காளிகாட்டுச் சந்து ஒன்றில் குடியிருப்பதும், டிபன் கடையில் தோசை மாஸ்டர் என்பதும் வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். நடுவில் மூன்றரை வருடம் நான் தோசைக்கல் பக்கமே போகவில்லை என்பது தெரிந்திருக்காது. வெட்கப்பட்டுக்கொண்டு எழுதாமல் விட்டேன்.

மனைவி செல்வி நர்ஸ். பவானிபூரில் வேலை. மீனு, கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். பிரசவ லீவு முடிந்தபோது யார் வீட்டில் இருப்பது என்ற கேள்வி வந்தது. செல்வியுடையது நிரந்தர வேலை. என்னுடையது முதலாளி 'நாளைக்கு வா' என்று சொல்கிறவரை வேலை. நான் இருந்துகொண்டேன்.

ஆம்பளை வீட்டில் இருப்பதா என்று ஊரிலிருந்து போனில் கேட்டார்கள். எனக்கோ நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. பேசத் தெரியாத ஒரு குழந்தையோடு நாள் முழுக்க இருப்பது... இதைவிடப் பொருத்தமான வேலை எனக்கு வாய்த்ததே இல்லை.

இந்த ஜனவரியில் கடைக்குத் திரும்பினேன். மீனு வளர்ந்துவிட்டாள், வீட்டுச் செலவும் வளர்ந்துவிட்டது. என் தோசைக்கல்லில் இப்போது ஒரு மேதினிபூர்க்காரர் நிற்கிறார். உருளைக்கிழங்கு மசாலாவில் முந்திரியும் கொஞ்சம் சர்க்கரையும் போடுகிறார். ஜனங்கள் தட்டை நீட்டி அவரையே கேட்கிறார்கள். எனக்குப் பக்கத்துக் கல், ஊத்தப்பம் மட்டும். எரியத்தான் செய்தது. ஆனாலும் கல் முதலாளியுடையது. அவர் யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

மகள் என்னுடையவள் அல்லவா?

நாங்கள் வேலைக்குப் போன பிறகு மீனுவைப் பார்த்துக்கொள்வது பக்கத்துப் போர்ஷன் ஷிப்ரா பௌதி. பௌதி என்றால் அண்ணி. இங்கே பக்கத்து வீட்டில் இருக்கும் மூத்த பெண்கள் எல்லோரும் நமக்கு அண்ணிகள்தான். மீனுவுக்கு அவர் ஜெட்டிமா, அதாவது பெரியம்மா. பௌதிக்குப் பிள்ளைகள் இல்லை. அன்று காலை மீனுவுக்குச் சேலை கட்டி, தெருவில் போட்டிருந்த பூஜைப் பந்தலுக்குக் கூட்டிப்போய், புரோகிதர் முன்னால் மடியில் உட்காரவைத்து, கையைப் பிடித்து எழுத வைத்திருக்கிறார். ஹாத்தேகொரி என்று அதற்குப் பெயர். வங்காளக் குழந்தைகளுக்கு சரஸ்வதி பூஜை அன்றுதான் எழுத்து தொடங்கும்.

நமக்கு விஜயதசமி. தட்டில் பச்சரிசி பரப்பி, அப்பா மடியில் உட்கார்ந்து, விரலால் 'அ'.

இது பௌதிக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்கு விஜயதசமி, துர்க்கையை ஆற்றுக்கு அனுப்பிவிட்டுக் கண் கலங்கும் நாள். அன்றைக்குப் போய் யாராவது புதிதாக ஒன்றைத் தொடங்குவார்களா? நாங்களும் போன விஜயதசமிக்கு மீனுவுக்குக் காய்ச்சல் என்று அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்ததை அவரிடம் சொல்லவில்லை. நான் எதைத்தான் சொன்னேன்?

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இந்தப் பத்தியில் பிழை இல்லாமல் இருந்தால் அது பத்திரிகைக்காரர்கள் புண்ணியம். மீனு வளர்ந்தால் அவளுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இருக்காது. கணக்கா, இங்கிலீஷா? எல்லாம் செல்வி பார்த்துக்கொள்வாள். முதல் எழுத்து ஒன்றுதான் எனக்கு என்று வைத்திருந்தேன். அதையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார்கள்.

அன்று பிரசாதம் எடுக்கப் போயிருந்த பௌதி வாசலில் வந்து நின்று, எப்படி எழுதியிருக்கிறாள் என்று கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்தேன். 'நல்லது பௌதி' என்றேன். பிரசாதக் கிச்சடியை நீட்டினார். வயிறு சரியில்லை என்றேன். பொய் என்று சொல்ல முடியாது.

மீனு என்னைத் தூக்கச் சொல்லி, சிலேட்டை அலமாரியில் சாய்த்து வைத்தாள், வருகிறவர் போகிறவர் பார்க்கும்படி. அவள் தூங்கியதும் அதை எடுத்துச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். அழிக்க மனம் வரவில்லை. பார்க்கவும் மனம் வரவில்லை.

காலையில் எழுந்தால் சிலேட் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை மறுபடி திருப்பினேன். மறுநாள் காலை மறுபடி என்னைப் பார்த்தது. மீனுவுக்கு அந்த அலமாரி எட்டாது, நாற்காலி போட்டு ஏறுகிறாளோ என்று பயந்தேன். இப்படியே ஒரு வாரத்துக்கும் மேல் ஓடியது. இதற்கிடையில் மீனு என்னோடு பேசும்போது ஜெட்டிமா எப்படித் தலை பின்னுவார், ஜெட்டிமா எப்படி முள் எடுத்து மீன் ஊட்டுவார் என்று ஒரே ஜெட்டிமா புராணம். நான் பின்னிய பின்னலை அவிழ்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள் ஒருநாள்.

கடைசியில் பிடிபட்டேன். சிலேட்டில் கை வைத்த நேரம், டியூட்டி முடிந்து செல்வி உள்ளே வந்தாள்.

"சிலேட்டு என்னங்க தப்பு பண்ணுச்சு? தெனமும் முட்டி போட வைக்கிறீங்க?"

திருப்பி வைத்தது அவள்தான்.

நான் கொட்டிவிட்டேன். என் பிள்ளையின் முதல் எழுத்தை நான் பார்க்கவில்லை, யாரோ பார்த்தார்கள், பௌதியிடம் நல்லது என்று பொய்யாகச் சிரித்தேன் என்றேன். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு அலமாரியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவ மொதல்ல நடந்தத யாரு பாத்தா?"

நான் சிலேட்டிலிருந்து கையை எடுத்தேன்.

"நீங்கதான் போன் பண்ணி, நடந்துட்டா நடந்துட்டான்னு குதிச்சீங்க. நான் வார்டுல குளுக்கோஸ் பாட்டில கையில வச்சுக்கிட்டு நின்னேன். நல்லதுன்னு சொன்னேன். மொதப் பல்லுக்கும் நல்லதுன்னேன். மொத வார்த்த அப்பான்னப்பவும் நல்லதுன்னுதான் சொன்னேன். நீங்க பௌதிகிட்ட சொன்னீங்களே, அதே நல்லது."

"ஒருநாளும் சொல்லலியே நீ..."

"சொன்னா போன் பண்ணாம விட்ருவீங்க. அதுவும் போயிரும்ல."

முகம் கழுவப் போய்விட்டாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. சிலேட்டைப் பார்த்தேன்.

பொறாமைக்கு ஒரு குணம் இருக்கிறது. வீட்டில் நமக்கு மட்டும்தான் வந்திருக்கிறது என்று நம்ப வைத்துவிடும். மூன்றரை வருடம் ஒரே கூரைக்குக் கீழ், ஒரே தட்டில் பரிமாறி... எனக்குத் தெரியவே இல்லை. நானோ ஒவ்வொரு சாயங்காலமும் அவள் வந்ததும், மீனு இன்று என்னென்ன செய்தாள் என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். அவளுக்கு நல்லது செய்கிறதாக நினைப்பு.

அடுத்து வந்த அவளுடைய லீவு நாளில் நானும் கடையில் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். பெரிய எவர்சில்வர் தட்டில் பச்சரிசியைப் பரப்பினேன். செல்வி பார்த்துவிட்டு, விஜயதசமிக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கு, நாள் பார்க்க வேண்டாமா என்றாள்.

"நாள் பாத்தா நீ டியூட்டில இருப்ப" என்றேன்.

மீனுவைத் தூக்கி செல்வி மடியில் உட்கார வைத்தேன். நீங்கதானே பிடிக்கணும்னு இருந்தீங்க என்றாள். தட்டு வழுக்கும், நான் தட்டைப் பிடிக்கிறேன் என்றேன். எவர்சில்வர் தட்டு தரையில் எப்போது வழுக்கியது?

செல்வியின் கைக்குள் மீனுவின் விரல். அரிசி விலக விலக 'அ' வந்தது. செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். நானும் தட்டையே பார்த்தேன். என் பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். பாதி போயிருந்தது.

"ஜெட்டிமா, எஷோ!" என்று மீனு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். வாருங்கள் என்று.

ஷிப்ரா பௌதி கையில் பாயசக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. எங்கள் மூவரையும் பார்த்துச் சிரித்தார். 'நல்லது முருகேஷ், ரொம்ப நல்லது' என்று வங்காளத்தில் சொன்னார். காலை மட்டும் உள்ளே வைக்கவில்லை.

அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். வாரக்கணக்காக நான் சிரித்துக்கொண்டிருந்த சிரிப்பு.

"உள்ள வாங்க பௌதி" என்றேன். "தட்டு வழுக்குது. இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க."