எஞ்சின் குரல் மாறிய மழைக்காலம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. வாரம் முழுக்க ஊராரின் கண்ணுக்கு லென்ஸ் தேய்ப்பார். ஞாயிறு வந்தால் கையளவு எஞ்சின் பூட்டிய குட்டி விமானத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார். நீளக் கம்பியின் ஒரு முனை விமானத்தில், மறுமுனை இவர் கையில். இவர் நடுவில் நின்று சுழல, அது இவரைச் சுற்றிப் பறக்கும். யாருடையது வேகமோ அவருக்குக் கோப்பை.

இரண்டு வருடமாக அந்தக் கோப்பை போனது மனைவியின் அண்ணன் வீட்டுக்கு. ரொட்டிக்கடை வைத்திருந்த அந்த மச்சான் ஜெயித்ததெல்லாம் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் வித்தியாசத்தில்தான். “விடுங்க மாப்பிள்ளை, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று தோளில் தட்டுவார். தோற்றதைவிட அந்தத் தட்டல்தான் இவருக்கு ஆறவில்லை.

எஞ்சினுக்குப் பலம் ஏற்ற இவர் செய்யாத வேலை இல்லை. எரிபொருளில் வேகம் கூட்டும் நைட்ரோவை அதிகமாகக் கலந்தார். பிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கருகின. அழுத்தம் கூடட்டும் என்று எஞ்சின் தலைக்கு அடியிலிருந்த மெல்லிய வளையத்தைக் கழற்றினார். மறுநாளே பிஸ்டனைத் தாங்கும் தண்டு முறிந்து பக்கவாட்டைப் பொத்துக்கொண்டு வந்தது. புதிதாக ஒன்று வாங்கி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மனைவிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. ஒரு ‘ஹலோ’ போதும், பேசுவது யாரென்று சொல்லிவிடுவாள். ஒரு மழைநாள் மதியம், கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இவர் எஞ்சினை மேஜையில் முடுக்கி ஓட்டிக்கொண்டிருந்தபோது டீயோடு வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். எரிபொருளில் கலந்திருந்த விளக்கெண்ணெயின் புகை முகத்தில் அடித்ததையும் கண்டுகொள்ளவில்லை. எஞ்சின் நின்றதும் சொன்னாள்:

“என்னங்க, அது திக்குது.”

“எஞ்சினாவது திக்கறதாவது.”

“மேல ஏறப் பாக்குது, முடியாம இறங்கிடுது. மூணு தடவை கேட்டுட்டேன்.”

இவருக்குச் சுருக்கென்றது. பிறகுதான் உறைத்தது. புகை போகும் குழாய், எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்தை எட்டினால்தான் அதற்குக் கைகொடுக்கும். விமானத்தின் மூக்கில் சுழலும் காற்றாடி பெரிதாக இருந்ததால் எஞ்சின் அந்த வேகத்தை எட்டவே இல்லை. குறை எரிபொருளில் இல்லை.

காற்றாடியின் இறக்கைகளை உப்புத்தாளால் மயிரிழை மயிரிழையாகத் தேய்த்தார். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். ஐந்தாம் நாள், துணி கிழிவதுபோல் குரல் சட்டென்று எகிறியது. அவள் கண்ணைத் திறந்தாள். அடுத்து, குழாயை ஒவ்வொரு மில்லிமீட்டராக அறுத்தார். இரண்டாவது மில்லிமீட்டர் போனதும், “போதும், இனிமே கை வைக்காதீங்க” என்றாள். இவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. இன்னொன்று அறுத்தார். குரல் தொய்ந்துவிட்டது. இவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு புதுக் குழாய் செய்தார். பதினோரு நாள் பிடித்தது.

போட்டியில் முதல் இரண்டு சுற்று விமானம் சோம்பலாகப் போனது. மூன்றாவதில் குரல் எகிறியதும் கம்பி இவர் தோளையே பிடுங்கப் பார்த்தது. மச்சானைவிட ஒன்பது கிலோமீட்டர் அதிகம்.

“நைட்ரோ எவ்வளவு ஊத்துனீங்க மாப்பிள்ளை?”

“ஒரு சொட்டுகூட அதிகமா ஊத்தல. உங்க தங்கச்சியைக் கேளுங்க.”

சொல்லியிருக்கக் கூடாது. மச்சான் நிஜமாகவே கேட்டுவிட்டார். மறுவாரமே தங்கை அண்ணன் வீட்டு மேஜைமுன் கண்ணை மூடி நின்றாள். அடுத்த வருடக் கோப்பை ரொட்டிக்கடைக்கே திரும்பிப் போனது. கண்ணாடிக்காரர் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

“அவனும் என் கூடப் பொறந்தவன்தானே. உங்களுக்கு ஒரு காது, அவனுக்கு ஒரு காதா?” என்றாள். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மச்சான் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. மைதானத்தில் இப்போது கிடங்குகள். கண்ணாடிக்காரருக்குக் கோப்பைகளின் கணக்கே மறந்துவிட்டது. அந்த நாட்களில் தகரக் கூரையில் மழை வலுத்தால் எஞ்சின் குரல் சரியாகக் கேட்காது. “மழை விடட்டும்” என்பாள் அவள். அந்த அரைமணி நேரங்கள்தான் அவருக்கு நினைவிருக்கின்றன. கல்யாணமாகி நாலு வருடத்தில் பேசாததையெல்லாம் அந்த மழைக்காலத்தில்தான் இருவரும் பேசித் தீர்த்தார்கள்.