கீரி வராத கரையில் எங்கள் காக்கா

கீரி மீன் கரைக்கு வராமல் போனபோது, இன்னொரு சுனாமி வரப்போகிறது என்றுதான் நான் முதலில் நம்பினேன். கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கும் எங்கள் கரைவலை ஐந்து நாள் தொடர்ந்து வெறுமையாக ஏறியது. மீனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று நானே முடிவுகட்டி, மனைவி பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடலுக்குத் தூரமான வரிப்பத்தான்சேனையில் மாமி வீட்டுக்கு ஓடினேன். அடையாள அட்டைகளை மறந்துவிட்டேன். கறிச்சட்டியை மறக்கவில்லை.

காலஞ்சென்ற எங்கள் மூத்த சகோதரரான காக்கா அவர்கள் சாய்ந்தமருதில் பிறந்தவர். வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப்போன பின் எங்கள் நால்வரையும் அந்தக் கரைவலையால்தான் வளர்த்தார். சுனாமி தோணியையும் வலையையும் கொண்டுபோன பிறகும் கரையை விடவில்லை. கடன்பட்டு வேறு வலை கட்டினார். அதை இழுத்த இருபது பேரின் அடுப்பும் அந்த வலையை நம்பித்தான் எரிந்தது.

மாமி வீட்டிலிருந்து அவருக்குப் போன் எடுத்தேன்.

"காக்கா, மதினியக் கூட்டிட்டு வெளிக்கிடுங்க. மீனெல்லாம் ஓடிட்டு."

"நீயுந்தான் ஓடிட்டாய். அதப் பாத்து இஞ்ச ஒருத்தரும் பயப்படல்லயே."

"பகிடி விடாதீங்க காக்கா."

"தம்பி, கீரி ஓடல்ல. குஞ்சிலயே அள்ளி முடிச்சிட்டம். கீரி இல்லாட்டி பாரை மீன் என்னத்தத் தின்ன கரைக்கு வரும்?"

"அள்ளினது ஆரு? ஆழ்கடல்ல வலை வளைக்கிறவனுகள்தானே?"

"அவனுகளுந்தான். எங்கட வலை மடியிலயும் நுளம்பு வலை மாதிரிச் சின்னக் கண்தானே கிடக்கு."

மூன்றாம் நாள் அசடு வழியத் திரும்பி வந்தேன். காக்கா மணலில் குந்தியிருந்து, மீன் சேரும் அந்த மடியை வெட்டியெடுத்துவிட்டுப் பெரிய கண் வலையைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"இருக்கிற நெத்தலியும் போயிருமே முதலாளி" என்றார் வலை இழுக்கும் ஒருவர்.

"ஓம், போகும். வேற வலைக்குப் போறவங்க போங்க. நான் கோவிக்க மாட்டன்."

பதினொரு பேர் போனார்கள். காக்கா எவரையும் குறை சொல்லவில்லை. ஒன்பது பேரால் கரைவலை இழுக்க முடியாது. மச்சான்மாரும் அயலவர்களும் கயிறு பிடித்தார்கள். நானும் பிடித்தேன். கயிறுதான் என்னை இழுத்தது என்று மதினி இன்றும் சொல்கிறார்.

பின்னாளில் காக்கா நோயில் கிடந்த நாட்களில் முறைவைத்துப் பார்த்தவர்களும், ஜனாஸாவைச் சுமந்தவர்களும் பெரும்பாலும் அந்தக் கயிறு பிடித்தவர்களே. விலகிப்போன பதினொரு பேரும் அடக்கத்துக்குக் கபுறடிக்கு வந்தார்கள். எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அல்லாஹ் அவருக்கு மேலான சுவர்க்கத்தைக் கொடுப்பானாக.

காக்கா கண்மூடும்வரை கீரி பழையபடி வரவில்லை. இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் வலை வளைக்கிறோம். மற்ற நாட்களில் அந்த ஒன்பது பேரும் வயல் வேலைக்குப் போகிறார்கள்.