பச்சைப் பிடிக் கத்தி

கடைக்காரர் கத்தியை உறையோடு எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். "ஐயாக்குத்தானே மெடம்?" என்று கேட்டார். இல்லை, எனக்கு என்றேன். "வீட்டு வேலைக்கெண்டா இது மிச்சம் பாரம். அங்கால சின்னக் கத்தி ஈக்கிது, காட்டவா?" என்றார். வீட்டு வேலைக்கு இல்லை, மலைக்குக் கொண்டுபோக என்றேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். சேலை, கைப்பை, மூக்குக்கண்ணாடி, பாதிக்கு மேல் நரைத்த தலை. பிறகு சின்னக் கத்திப் பேச்சை விட்டுவிட்டார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் ஒரு மலையேறும் குழுவில் சேர்ந்திருந்தேன். கொழும்பில், எங்கள் வெள்ளவத்தையில், என் வயதுப் பெண்கள் பின்னேரங்களில் கடற்கரை ஓரமாக நடப்பார்கள், நடந்து முடித்ததும் வடை வாங்கிச் சாப்பிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. மாத்தளைப் பக்கத்து மலைகளில் குழுவோடு இரண்டு முறை ஏறினேன். இரண்டாவது முறை மழை பிடித்துக்கொண்டது. விறகெல்லாம் ஈரம். ஈர விறகைப் பிளந்தால் உள்ளே காய்ந்த மரம் இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் மடக்குக் கத்தியை வைத்துத் தட்டினேன். நாலு தட்டில் கத்தியின் மூட்டு கழன்று அலகு ஆடத் தொடங்கிவிட்டது. குழுவிலிருந்த தம்பி ஒருவர், "அன்ரி, நீங்கள் இருங்கோ, இது எங்கட வேலை" என்று வந்தார். அவரிடமும் மடக்குக் கத்திதான். அன்று எல்லோரும் நனைந்த பாண் துண்டுகளைத் தின்றுவிட்டுக் குளிரில் நடுங்கினோம். மடங்காத கத்தி ஒன்று வாங்குவது என்று அந்த நடுக்கத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அதனால்தான் கொட்டாஞ்சேனைக்குப் போகும் வழியில், மீன்பிடிப் படகுகளுக்குக் கயிறும் தூண்டிலும் விற்கிற அந்தக் கடையில் போய் நின்றேன். பார்க்கவேண்டியதை முதலிலேயே மனத்தில் வைத்திருந்தேன். அலகின் இரும்பு பிடிக்குள் கொஞ்ச தூரம் போய் நிற்கிறதா, கடைசி வரை ஓடுகிறதா என்பதுதான் முதல் விஷயம். பாதியில் நின்றால் விறகு பிளக்கும்போது பிடி கையிலும் அலகு மரத்திலும் இருக்கும். இதில் கடைசி வரை ஓடியது, பிடியின் அடியில் இரும்பு கொஞ்சம் வெளியே தெரிந்தது. முதுகு நல்ல தடிப்பு. சில கத்திகளில் முதுகில் ரம்பப் பல் வெட்டியிருப்பார்கள், பார்க்க வீரமாக இருக்கும், அதன்மேல் கட்டையால் தட்ட முடியாது. இதில் அந்தக் கோமாளித்தனம் இல்லை. சாதாரண உருக்கு கூர் நன்றாகப் பிடிக்கும் என்பார்கள், ஆனால் வெள்ளவத்தைக் கடற்காற்று ஜன்னல் கம்பியையே தின்கிறது. துருப்பிடிக்காததுதான் எனக்கு வேண்டும் என்றேன். உறையோடு தலைகீழாகப் பிடித்து உதறினேன். கத்தி விழவில்லை.

பிடி இரண்டு நிறத்தில் இருந்தது. ஒன்று செம்மஞ்சள், மற்றது இராணுவப் பச்சை. என் கை தானாகச் செம்மஞ்சளுக்குப் போனது. அந்தக் கணத்தில் எனக்கு என்மீதே ஒரு எரிச்சல் வந்தது. ஏன் போகிறது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் எந்தச் சாமானுக்கும் ஒரு தனிப் பரீட்சை இருந்தது. நல்லதா, உழைக்குமா என்பதெல்லாம் பிறகுதான். வழியில் இராணுவமோ பொலிஸோ மறித்துப் பையைத் திறந்தால் இது எப்படித் தெரியும் என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்வியில் தோற்றதால் பச்சை நிறக் காற்சட்டை வாங்கவில்லை. பெரிய டோர்ச் வாங்கவில்லை. என் மழைக்கோட்டு ரோஸ் நிறம், மலையில் நான் மட்டும் பிறந்தநாள் கேக் மாதிரி நடந்தேன். சண்டை முடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பரீட்சை மட்டும் முடியவில்லை. எங்களைப் போன்ற தமிழரைத் தவிர வேறு யாரும் கத்தியை இப்படிப் பார்த்து வாங்கமாட்டார்கள். செம்மஞ்சளைத் தள்ளி வைத்துவிட்டுப் பச்சையை எடுத்தேன்.

"பாவிக்காம கொண்டு வந்தா மாத்தித் தாரன் மெடம். பாவிச்சா சரி வராது," என்றார் கடைக்காரர். ரசீதையும் எழுதித் தந்தார்.

என் கணவரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். கலியாணமான புதிதில், சண்டைக் காலத்தில், இறைச்சி வெட்டுவதற்கென்று புறக்கோட்டையில் ஒரு பெரிய கத்தி வாங்கிப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம், கையில் கத்தி. விடியும்வரை பொலிஸ் நிலையத்தில் வைத்திருந்தார்கள். மறுநாள் காலை நானும் வீட்டுச் சொந்தக்காரரும் போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தோம். அடித்தார்களா என்று கேட்டேன், இல்லை என்றார். என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். எழுந்து குளிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் சமையலறையில் சின்ன மரக்கறிக் கத்திக்கு மேல் எதுவும் வந்ததில்லை. மீனைச் சந்தையிலேயே வெட்டுவித்துக் கொண்டுவருவோம், பலாக்காயைத் துண்டாக வாங்குவோம்.

அந்த மனிதரின் முன்னால்தான் நான் கத்தியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"இது என்னத்துக்கு?"

"மலைக்கு."

"ஆம்பிளையள் கொண்டு வருவினம்தானே."

"அவையள் கொண்டு வந்து கிழிச்சதைப் போனமுறை பார்த்தனான்."

"பிடி பச்சை."

"ஓம், பச்சைதான்."

"வழியில மறிச்சால்?"

"மலைக்குப் போறன் எண்டு சொல்லுவன்."

"உமக்குத் தெரியாது," என்றார். "பாவிக்காமல் திருப்பிக் குடும்."

உமக்குத் தெரியாது என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் கோபம்தான் வந்தது. அவரைப் பயப்படவேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை, அந்த இரவை அவர்தானே இருந்து கழித்தார். ஆனால் அந்த ஓர் இரவு எங்கள் வீட்டில் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று இன்னும் எத்தனை வருடம் கட்டளை போடும்? மிச்சமிருக்கிற காலத்தையும் கேள்வி கேட்க வரப்போகிற யாரோ ஒருவனுக்குப் பதில் தேடிக்கொண்டே கழிப்பதா? கத்தியைத் திருப்பிக் கொடுத்தால், ஆம், அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். எனக்கு மனமில்லை.

ஆகவே அன்று பின்னேரமே பாவித்தேன். எங்கள் மாடிக் கட்டடத்தின் பின்பக்கத்தில், வாகனங்கள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், யாரோ கழற்றிப் போட்ட கட்டிலின் கால்கள் கிடந்தன. ஒன்றை நிமிர்த்தி வைத்து, அதன் தலையில் கத்தியை வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் அடித்தேன். மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் திரை விலகியது. விலகட்டும். நாலைந்து அடியில் கட்டில் கால் நேராகப் பிளந்தது. அலகு ஆடவில்லை, பிடியில் ஒரு கீறல் இல்லை. பிளந்த துண்டைச் சீவினேன், நெருப்பு மூட்டுவதற்கு ஏற்ற மெல்லிய சுருள்கள் விழுந்தன. பிறகு ஒரு தேங்காயின் மட்டையைக் குத்திக் கிழித்தேன். வேர்வையிலும் பிடி வழுக்கவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், நான் கடைக்காரரின் ஆள் இல்லை. பிடி என் கைக்குக் கொஞ்சம் பெரிது, ஆண் கையை அளந்து செய்திருக்கிறார்கள், உள்ளங்கை சிவந்துவிட்டது. தக்காளி வெட்டிப் பார்த்தேன், நசுங்கிச் சாறானது, இந்தத் தடிப்புக்கு அது முடியாது. உறையை இடுப்புப் பட்டியில் மாட்டுகிற பிளாஸ்டிக் கொளுக்கி மட்டமானது, ஒரு மலைக்கு மேல் தாங்காது. விலையும் குறைவில்லை. இவ்வளவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், மழையில் நெருப்பு வேண்டுமென்கிறவர் தாராளமாக வாங்கலாம். சமையலுக்கு வாங்கினால் காசு நட்டம்.

பிளந்த விறகோடு மேலே வந்தபோது அவர் பல்கனியில் நின்றார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். "நாளைக்குப் போய்க் குடுத்திட்டு வருவம்," என்றார். பாவித்த கத்தியைக் கடைக்காரர் எடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தும் சரி என்றேன்.

"ஆனால் பையை நீங்கள்தான் கொண்டுவரவேணும். வாசல்ல இருந்து கடை வரைக்கும்."

கொடுமை என்றால் கொடுமைதான். ஒரு தரமாவது அவர் இந்த நகரத்துக்குள் ஒரு கத்தியோடு போய், ஒன்றும் ஆகாமல் திரும்பி வரவேண்டும் என்று எனக்கு இருந்தது. கத்தி போனாலும் இருந்தாலும் அது மிஞ்சும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலி வீதியில் பஸ் ஏறினோம். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பம்பலப்பிட்டி தாண்டியது, கொள்ளுப்பிட்டி தாண்டியது. காலிமுகத்திடலுக்குக் கிட்ட பஸ் நின்றது. இரண்டு பொலிஸ்காரர்கள் ஏறினார்கள். போதைப்பொருள் சோதனையாம். இப்படி எப்போதாவதுதான் நடக்கும், அன்றைக்கென்று நடந்தது. ரசீது கைப்பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

மீசை சரியாக முளைக்காத இளம் பொலிஸ்காரர் ஒருவர் எங்களிடம் வந்து பையைத் தரும்படி கையை நீட்டினார். என் கணவர் கொடுத்தார். பொலிஸ்காரர் பைக்குள் கையை விட்டு உறையோடு கத்தியை வெளியே எடுத்தார். முன் ஆசனங்களில் தலைகள் திரும்பின. "மே காகேத?" என்றார். இது யாருடையது என்று கேட்கிறார். என் கணவரின் வாய் திறந்தது. சத்தம் வருமுன்னர் நான் முந்திக்கொண்டேன். "மகே," என்றேன். என்னுடையது, நான் மலை ஏறுகிறவள், இதோ ரசீது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சத்தமாகச் சொன்னேன், பஸ் முழுக்கக் கேட்கட்டும் என்று.

அவர் ரசீதைப் பார்த்தார். அலகைப் பாதி உருவி, முதுகைப் பெருவிரலால் தடவினார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார், சொன்னேன். பஸ்ஸுக்குள் வெளியே எடுக்கவேண்டாம், பையின் அடியில் வையுங்கள் என்று சொல்லி, பையை என் கணவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பின் ஆசனத்துக்குப் போனார். அடையாள அட்டையைக் கேட்கவில்லை.

பஸ் புறப்பட்டது. என் கணவர் பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். பயம் என்று நினைத்துக் கையைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டார்.

"நீர் ஏன் சொன்னனீர்?"

"நீங்கள் பேசாமல் இருந்தீங்கள்."

"நான் சொல்ல வெளிக்கிட்டனான். நீர் விடேல்லை."

பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, என்னிடம் இல்லை, வீதியிடம் சொல்வது மாதிரிச் சொன்னார். "அண்டைக்கும் இதைத்தான் கேட்டவங்கள். ஆரின்ர கத்தி எண்டு. என்ர இல்லை எண்டு சொன்னனான். பஸ்ஸில கிடந்ததை எடுத்தனான் எண்டு சொன்னனான். விடியுமட்டும் அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னனான். எங்கட வீட்டுக்கு எண்டு நான் பார்த்துப் பார்த்து வாங்கின கத்தி."

இத்தனை வருடமாக எனக்குத் தெரியாது. அவர் பயந்து கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அது வெட்கம் என்று இப்போதுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, அவர்மீது இல்லை. தன் வீட்டுக் கத்தியைத் தன்னுடையது என்று சொல்லவிடாமல் ஒரு மனிதனை இரவு முழுக்க வைத்திருந்தவர்கள்மீது. அந்தக் கோபத்தை நான் ஆற்றிக்கொள்ளப்போவதில்லை.

புறக்கோட்டையில் எல்லோரும் இறங்கினோம். கொட்டாஞ்சேனைப் பஸ் இடது பக்கத்தில் நின்றது, நான் அந்தப் பக்கம் திரும்பினேன். அவர் வரவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெள்ளவத்தைப் பஸ்கள் நிற்கிற பக்கமாகச் சனத்துக்குள்ளே நடந்தார்.

"கடை இஞ்சாலை," என்றேன்.

"தெரியும்," என்றார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் சேர்ந்துகொண்டேன்.

"மலைக்குப் போற அண்டைக்கு ரெயில் ஸ்டேசன் வரைக்கும் நானும் வாறன்," என்றார். "பை என்னட்டத்தான் இருக்கும். ஆரும் கேட்டால் நீர் வாய் திறக்கக்கூடாது. நான் சொல்லுவன்."