புதைத்த கையின் வலி

என் வலது கையைப் புதைத்தபோது அங்கே இருந்தவர்கள் அப்பாவும் தாய்மாமனும் ஆஸ்பத்திரிக் காவலாளும். இல்லாதவர்கள் அம்மாவும் நானும். அம்மா வார்டு வாசலில் அழுதுகொண்டிருந்தாள். நான் குளோரோபார மருந்தின் மயக்கத்தில் கிடந்தேன்.

எங்கள் வீட்டில் முதலில் எழுத்துப் படித்தவன் நான். சுரங்க வாயிலில், ஷிப்டுக்கு இறங்குகிறவர்களின் பெயரை எழுதுவது என் வேலை. கல் ஏற்றிய டிராம் வண்டி தடம் புரண்டு கைமேல் சாய்ந்தது. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விழித்தபோது கை இருந்தது. கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற விரல்கள் அதன்மேல் இறுகி, நகங்கள் உள்ளங்கையைக் குத்தின. பார்த்தால் போர்வை தட்டையாக இருந்தது. கைகால் இழந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. அந்த வலி உண்மையானது.

வெள்ளைக்கார டாக்டரிடம் கேட்டேன். வெட்டுண்ட நரம்பின் நுனி மூளைக்குப் பழைய செய்தியையே அனுப்புகிறது, நாளானால் ஓயும் என்றார். நாளானது, ஓயவில்லை. கஞ்சிகூட இறங்கவில்லை.

"ஆளு இங்க கீறான், கை அங்க கீது. நான் யாருக்குடா கஞ்சி ஊத்தறது?" என்றாள் அம்மா.

மாமா சிரிக்க வைக்கப் பார்த்தார். "தன் கையோட சாவுக்கே வராதவன்டா நீ."

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "வெரலு எப்பிடிடா கீது?"

"மடங்கிக் கீதுப்பா. நீட்ட வரல."

அவர் தன் கையை மூடிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "மூடின மாதிரியேதான் பொதைச்சேன். பிரிச்சுப் பாக்க மனசு வரல" என்றார்.

மறுநாள் அவர் ஷிப்டுக்குப் போகவில்லை. மத்தியானம் மண் ஒட்டிய கைகளோடு வந்து என் அருகில் உட்கார்ந்தார். தோண்டி எடுத்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி, புதுத் துணியில் வைத்து மறுபடி புதைத்ததைச் சொன்னார். "ஒவ்வொரு வெரலா நீட்டி வெச்சேன்டா. கட்டவெரல கடேசில." அவர் சொல்லச் சொல்ல, என் விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அன்று தூங்கினேன்.

டாக்டரிடம் மறைக்காமல் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "உன் அப்பா உன் மூளையை நம்ப வைத்துவிட்டார், அவ்வளவுதான்" என்றார்.

அப்படியானால் நம்பியது யார் என்று கேட்டேன். மயக்கத்தில் நான் எங்கே இருந்தேன் என்றும் கேட்டேன். விளக்கை அணைத்ததுபோல என்றார். பஜனை மடத்தில் வேறு மாதிரி கேட்டிருக்கிறேன்: ஆழ்ந்த தூக்கத்திலும் ஒருவன் விழித்திருக்கிறான், அதனால்தான் எழுந்ததும் 'நன்றாகத் தூங்கினேன்' என்று சொல்ல முடிகிறது. அதைச் சொன்னேன். அந்த மயக்கத்துக்குள் அவனைத் தேடிப் பார்த்தேன், யாரும் அகப்படவில்லை என்பதையும் சொன்னேன். ஆனால் இருட்டும் அகப்படவில்லை. மருந்தின் வாடைக்கு அடுத்தது அம்மாவின் முகம், நடுவில் பொழுதே இல்லை.

டாக்டர் கை கழுவிக்கொண்டே, "தூங்க வைக்கத் தெரியும். எங்கிருந்து திரும்பி வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது" என்றார்.

வலி போன பிறகு, கையும் போகத் தொடங்கியது. விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கின. ஒரு மாதத்தில் மணிக்கட்டு முழங்கையருகே வந்துவிட்டது. பிறகு குழந்தைக் கையளவு. இப்போது காலையில் எழுந்ததும் கண்ணை மூடி, அதை மடக்கிப் பார்க்கிறேன். பழையபடி குத்தட்டும் என்றுகூடக் கேட்டிருக்கிறேன். பேனா பிடித்த கை அது. வலியாகவாவது என்னோடு இருந்தது.

இதை இடது கையால் எழுதுகிறேன். ஒரு வரிக்கு ஆகும் நேரத்தில் முன்பு ஒரு பக்கம் எழுதுவேன்.

அந்தக் கை போய்க்கொண்டிருப்பது அப்பாவுக்குத் தெரியாது. மகனைக் குணமாக்கிய சந்தோஷம் அவருக்கு. தோண்ட விட்டதற்குக் காவலாளுக்குக் கொடுத்தது, துணி, மஞ்சள், அவர் இழந்த ஒருநாள் கூலி எல்லாம் சேர்த்து, அந்தக் கையை என்னிடமிருந்து விடுவிக்க ஆன செலவு ஒரு ரூபாய் மூன்றணா.