கண்ணாடிக் கடைக்காரர் வைத்த கண்ணி

கண்ணாடிக் கடைக்காரர் யாரையும் எடுத்த எடுப்பில் நம்பியதில்லை. பார்வைப் பரிசோதனையில் கடைசி வரியைக் கடகடவென்று வாசிப்பவர்கள், எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்கள் என்பது அவர் கட்சி. அதற்காகவே அட்டையை அடிக்கடி மாற்றுவார். இப்படிப்பட்டவர், கையில் உள்ளதையெல்லாம் பொதுவில் கொட்டிவைக்கும் ஒரு கூட்டத்தில் போய்ச் சேர்ந்ததுதான் வேடிக்கை.

அது ஃபிராக்டல் பித்தர்களின் இணையக் குழு. ஒரு சின்னக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட, திரையில் சுருளுக்குள் சுருளாக விரியும் படங்கள்தான் ஃபிராக்டல்கள். அவற்றை வரையும் கணினி நிரல்களை எழுதிக் குழுவில் வைப்பார்கள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், எழுதியவர் பெயரை மட்டும் நிரலின் தலையில் விட்டுவைக்க வேண்டும். பெயரை நீக்கியவனுக்கு அங்கே இடமில்லை.

கடைக்காரரின் நிரல் சுருள்களுக்கு மயில்கழுத்து நிறம் தீட்டும். அதற்குள் ஒரு வெட்டி வரியை ஒளித்துவைத்திருந்தார். அது ஏதோ ஓர் எண்ணைக் கணக்கிடும். அந்த எண்ணால் யாருக்கும் பிரயோசனமில்லை. கண்ணை மூடிக்கொண்டு அள்ளுகிறவன் இதையும் சேர்த்து அள்ளுவான். அவர் பெயரை நீக்கிவிட்டு எடுத்தாண்ட இரண்டு பேர் அப்படி மாட்டினார்கள். கண்ணி என்று காட்டிக்கொள்ளாமல், தான் கண்டுபிடித்த அந்த வரி இல்லாமல் நிறமே வராது என்று சாதித்து, இருவரையும் வெளியே அனுப்பினார்.

பிறகு அவருடைய மச்சினன், லிஃப்ட் பழுதுபார்ப்பவன், தன் விடுமுறைகளையெல்லாம் கொட்டி எழுதிய மென்பொருளைக் குழுவில் வெளியிட்டான். அதே மயில்கழுத்து. கடைக்காரர் அவன் நிரலைத் திறந்து துழாவினார். வெட்டி வரி இல்லை. வேறொருவராக இருந்தால் நிம்மதியடைந்திருப்பார். இவர் கணக்கே வேறு. வரி இருந்தால் திருடன். இல்லையென்றால் விவரமான திருடன். புகார் எழுதிப் போட்டார். அது நிரூபணமானால் மென்பொருளும் போகும், மச்சினனும் போவான்.

அது வெட்டி வரி என்று அவர் வாய்திறந்தது மனைவியிடம் மட்டும்தான். ஆகவே சந்தேகம் சமையலறைக்கும் போனது.

"உன் தம்பிகிட்ட ஏதாவது சொன்னியா?"

"நீங்க சொன்னது எனக்கே புரியல. அதைக் கொண்டுபோய் அவன்கிட்ட என்னன்னு சொல்றது?"

பதில் நியாயமாக இருந்தது. அதுதான் அவருக்கு உறுத்தியது.

மறுநாள் மச்சினனே கடைக்கு வந்தான். வந்ததும் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டிக் கோமாளித்தனம் செய்கிறவன், அன்று நேரே கணினி முன் உட்கார்ந்தான். இரண்டு நிரல்களையும் ஓடவிட்டு, ஒரே சுருளைப் பெரிதாக்கிக்கொண்டே போனான். ஓரிடத்தில் கடைக்காரரின் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. மச்சினனுடையது வழுவழுவென்று உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"உங்க படத்தப் பாத்துதான் ஆசப்பட்டேன் மாமா. உங்க நிரலத் தொறக்கவே இல்ல. எடுத்திருந்தா என்னோடதும் இங்கதானே உடையணும்?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். கட்டங்கள் அப்படியேதான் இருந்தன. புகாரை வாபஸ் வாங்கிவிடுவதாக முனகினார்.

"சும்மா வாங்கினா, சொந்தக்காரன்னு விட்டுட்டாருன்னு பேசுவாங்க. திருட்டுப்பட்டம் என்மேலயே நிக்கும். ஏன்னு எழுதுங்க."

ஏனென்று எழுதினால், மச்சினனுக்கு அந்த வரி இல்லாமலே நிறம் வந்ததையும், அது வெறும் வெட்டி வரி என்பதையும் சொல்ல வேண்டும். அது தேவையான வரி என்று புளுகியதையும் சொல்ல வேண்டும். மச்சினன் நகர்வதாக இல்லை. எழுதினார், அழித்தார், கடைசியில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார்.

மச்சினனின் மென்பொருள் தப்பியது. கடைக்காரரின் நிரலை ஒழுங்காகப் பெயர் போட்டுப் பயன்படுத்தியவர்கள்கூட, இன்னும் எதையெல்லாம் ஒளித்துவைத்திருக்கிறாரோ என்று கழற்றிவிட்டார்கள். வெளியேற்றப்பட்ட இருவரும், பெயரை நீக்கியது என்னவோ நிஜம்தான் என்றாலும், அநியாயம் இழைக்கப்பட்டவர்களாகத் திரும்பி வந்தார்கள்.

அடுத்த பதிப்பில் மச்சினன், "என் மாமாவுக்கு நன்றி" என்று தலையில் சேர்த்திருந்தான். மனைவி அதைக் காட்டி, இப்போதாவது மனசு ஆறியதா என்று கேட்டாள். கடைக்காரர் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"எதையும் எடுக்கலன்னா, நன்றி எதுக்கு?"